பதினெட்டு கோட் பெயின்ட்

அத்தியாயம் 23

“இந்த வாசப்படியை இனி நான் மிதிச்சா என்னை ஏன்னு கேளு” என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கத்திவிட்டுப் போன எலிசியோ, பெரிய சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே வாசப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓர்லிந்தாவும் ஏன் என்று கேட்டாள்.

போன வாரம் கதவைத் தட்டியது மகள் தமியானாதான் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் மன்னிக்கவும். அவள் வருவாள். ஆனால் வந்திருப்பது பெரியப்பன். அவருக்குப் பின்னால் ஓர் இழுவை லாரி, லாரியின் முதுகில் அந்தக் கார்.

அந்தக் காரின் கதை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஓர்லிந்தாவும் அவள் புருஷன் லியாண்ட்ரோவும் ஒன்பது வருஷம், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில், துருப்பிடித்த ஒரு அறுபத்து நான்காம் வருஷத்துக் காரை லோரைடராக மாற்றினார்கள். இரும்பு வேலை அவன். கம்பி வேலை அவள். பட்டனை அழுத்தினால் கார் தரையோடு தரையாகப் படுக்கும், இன்னொன்றை அழுத்தினால் முன்காலைத் தூக்கும். எங்கள் ஊர் எஸ்பனோலாவில் அதுபோல் நூறு கார் உண்டு என்பீர்கள். இருக்கட்டும். இது மகளுக்கென்று கட்டிய கார். லியாண்ட்ரோ சாந்தா ஃபே ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கத்தில் கிடந்தபோது, அண்ணன் எலிசியோ இன்சூரன்ஸ் காகிதம் என்று சொல்லி ஒன்றில் கையெழுத்து வாங்கினார். அது காரைத் தன் பேருக்கு மாற்றுகிற கார் காகிதம். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் கார் போயிற்று. பதினைந்தாம் நாள், அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கராஜில் பொம்பளைக்கு என்ன வேலை என்று எலிசியோ சொல்ல, அங்கே வேலை பார்த்த ஓர்லிந்தாவும் வெளியே வந்தாள். இப்போது லோரைடர் கிளப் சுவரில் அந்தக் காரின் படத்துக்குக் கீழே ‘கட்டியவர்: எலிசியோ அர்ச்சுலெத்தா’ என்று எழுதியிருக்கிறது.

இது போதாதென்று போன அக்டோபரில் தமியானா பெரியப்பன் கராஜிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஃபோன் எடுக்கிற வேலை என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. ஆக, நான் ஓர்லிந்தாவின் கட்சி. அதை ஒளிக்கப் போவதில்லை.

“காருக்கு உடம்பு சரியில்லை” என்றார் எலிசியோ.

“வைத்தியர்கிட்ட போங்க.”

“மூணு பேர்கிட்ட போயாச்சு.”

மூன்று பேரும் ஆளுக்கொரு சாமானை மாற்றியிருந்தார்கள். ஒருவன் பேட்டரி, ஒருவன் ஆல்டர்நேட்டர், மூன்றாமவன் விளக்கு எல்லாவற்றையும். ஒன்றும் தேறவில்லை. பிரேக்கை மிதித்தால் முன்விளக்கு மினுக்குகிறது. ஹாரனை அழுத்தினால் முனகல்தான் வருகிறது. தூக்குகிற பட்டன் இஷ்டப்பட்டால் வேலை செய்யும், இல்லாவிட்டால் இல்லை. குருத்தோலை ஞாயிறன்று பெட்ரோல் பங்கில் கார் முன்காலைத் தூக்கியது தூக்கியபடியே நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது. மின்கம்பத்தைப் பார்த்த நாய் போல நின்ற அந்தக் காரை ஊரே படம் எடுத்தது. எலிசியோ உள்ளே உட்கார்ந்து ஃபோனில் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார் என்று கேள்வி.

இதெல்லாம் ஓர்லிந்தாவுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் படம் அவளுக்குப் பதினோரு பேரிடமிருந்து வந்திருந்தது. ஒன்றையும் அவள் அழிக்கவில்லை.

நாளை ஈஸ்டர். பூசை முடிந்ததும் பள்ளத்தாக்கில் இருக்கிற லோரைடர் எல்லாம் வரிசை கட்டி மெயின் ரோட்டில் ஊர்ந்து வரும். வரிசையின் முதல் கார் கோவில் திருப்பத்தில் நின்று, விளக்கெல்லாம் போட்டு, முன்காலைத் தூக்கி, நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஆரம்பிக்கலாம். இருபது வருஷமாக எலிசியோ அந்த முதல் இடத்துக்குக் காத்திருந்தார். இந்த வருஷம் கிடைத்திருக்கிறது.

“உன் வயரிங் யாருக்கும் புரியல” என்றார். “அதோட வரைபடமும் உன்கிட்டதான் இருக்கு.”

உன் வயரிங். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அது வந்தது, அதுவும் சாட்சிக்கு லாரிக்காரன் மட்டும் இருக்கிற நேரத்தில். ஓர்லிந்தா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். எனக்குக் கார் காகிதம் வேண்டும், என் மகள் பேருக்கு, என்றாள். எலிசியோ உடனே தலையாட்டினார். இன்றைக்கு ஆபீஸ் கிடையாது, நாளை ஈஸ்டர், திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சாந்தோ நீன்யோ மேல் சத்தியம் செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் அவர் அதே குழந்தை இயேசு மேல்தான் சத்தியம் செய்தார்.

அவள் அதை நம்பினாளா என்று கேட்காதீர்கள். “இறக்குங்க” என்றாள்.

போ வெளியே என்று துரத்தியிருந்தால் அது வெறும் கோபம். ஒரு நாளில் ஆறிப்போகும். மூன்று வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்தது வேறு.

எலிசியோவை பர்ரிட்டோ வாங்கிவர அனுப்பிவிட்டு அவள் ஷெட் கதவைச் சாத்தினாள்.

கார் பழைய பச்சை நிறத்தில் இல்லை. நவம்பரில் சுரண்ட ஆரம்பித்து பிப்ரவரிக்குள் புதிதாக அடித்திருந்தார்கள். மாதுளை முத்துச் சிவப்பு. மேலே பார்த்தால் ஒரு நிறம், கொஞ்சம் குனிந்தால் அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி வந்தது. பதினெட்டு கோட் என்று எலிசியோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றும் தன் கையால் என்று. ஓர்லிந்தாவுக்கு அழகை அழகு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

பானட்டைத் திறந்தாள். எஞ்சின் முழுக்க குரோம். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

பிரேக் மிதியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு முன்னால் வந்து பார்த்தாள். எரியக்கூடாத முன்விளக்கு இரண்டும் மங்கலாக எரிந்தன. விளக்கு எல்லாவற்றையும் போட்டாள். ஒரு நிமிஷம் கழித்து சோக் கேபிளைத் தொட்டாள். சுட்டது. அந்தக் கேபிளில் கரண்டே போகக் கூடாது.

கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கரண்ட் என்பது பேட்டரியிலிருந்து கிளம்பி விளக்கை எரித்துவிட்டுத் திரும்ப வீட்டுக்கு வரவேண்டிய சமாசாரம். காரில் அது திரும்பி வருகிற வழி காரின் உடம்புதான். உடம்பையும் எஞ்சினையும் சேர்த்துச் செம்பில் பின்னிய ஒரு பட்டை இருக்கும், அதுதான் எர்த். விரல் அகலத்தில், பச்சை பூத்து, பார்க்க அசிங்கமாக இருக்கும். குரோம் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது கண்ணை உறுத்தியிருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டார்கள். பட்டை உட்கார்ந்த இடத்தில் பதினெட்டு கோட் பெயின்ட் அடித்து, போல்ட்டுக்கும் குரோம் போட்டாயிற்று. வழி மூடிக்கொண்டதும் கரண்ட் பாவம் சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கம்பி என்று சந்து சந்தாகப் புகுந்து வீடு தேடிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் வண்டி வைத்திருப்பவன் இப்படிச் செய்யமாட்டான். அழகுக்காக வேரையே வெட்ட எங்கள் ஊர்க்காரனால்தான் முடியும்.

ஒரு கனத்த கம்பியின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை காரின் உடம்பில் பெயின்ட் படாத ஒரு மூலையில் அழுத்திப் பிடித்தாள். முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹாரன் தெருக்கோடி வரை கேட்டது.

மொத்தம் ஐந்து நிமிஷம். கம்பியை எடுத்துச் சுருட்டி டப்பாவில் போட்டாள். எலிசியோ திரும்பி வந்தபோது அவள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ரொம்பக் கஷ்டப்படுகிறவள்போல் முனகிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குத் தீர்ப்பு சொன்னாள். எர்த் எங்குமே பிடிக்கவில்லை, பெயின்ட் தடுக்கிறது, ஏழு இடத்தில் இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்ட வேண்டும் என்றாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முன்விளக்குகளுக்கு மேலே இரண்டு, பானட் விளிம்பில் இரண்டு, கதவுக்கு ஒன்றாக இரண்டு, டிக்கி மூடியில் ஒன்று. சாக்பீஸை எடுத்து ஏழு இடத்திலும் வட்டம் போட்டாள்.

எலிசியோவுக்குத் தகரம் தெரியும், வெல்டிங் தெரியும். கரண்ட் மட்டும் அவருக்குப் பேய் பிசாசு கணக்கு. கண்ணுக்குத் தெரியாத எதிலும் அவர் மூக்கை நுழைத்ததில்லை. ஆனாலும் வட்டங்களைப் பார்த்து முகம் வெளுத்தது.

“வெளியில தெரியற இடமாச்சே எல்லாம்.”

“விளக்கு வெளியிலதானே இருக்கு” என்றாள் ஓர்லிந்தா.

“நீயே சுரண்டேன்.”

“நான் தொட்டா, காரைக் கெடுத்தேன்னு நாளைக்குச் சொல்வீங்க. உங்க பெயின்ட், உங்க கை.”

உப்புத்தாளையும் சுரண்டியையும் அவர் கையில் கொடுத்தாள். தான் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பர்ரிட்டோவைப் பிரித்தாள். பச்சை மிளகாய் நல்ல காரம்.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் வரி வரியாக எழுதத் தயார், ஆசிரியர்தான் பக்கம் தரமாட்டார். எலிசியோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு முதல் வட்டத்தில் உப்புத்தாளை வைத்தார். சிவப்புத் தூள் பறந்தது. சிவப்புக்கு அடியில் பொன் நிறம், அதற்கு அடியில் வெள்ளி, அதற்கும் கீழே சாம்பல் பூச்சு, கடைசியில் இரும்பு. இன்னும் கொஞ்சம், ஓரத்தில் ஒட்டியிருக்கிறது பாருங்கள் என்று ஓர்லிந்தா ஸ்டூலில் இருந்தே விரல் காட்டினாள். ஏப்ரல் காற்று ஷெட்டுக்குள் மண்ணைக் கொட்டியது. அவர் தும்மினார், சட்டையெல்லாம் சிவப்பானது. மூன்றாவது வட்டத்தில் அவருக்கு முட்டி வலித்தது, ஐந்தாவதில் கைவிரலில் தோல் உரிந்தது. அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு இடித்தது. ஒவ்வொரு கோட்டும் தன் கையால் அடித்தேன் என்கிற மனுஷன் இவ்வளவு லேசாகச் சுரண்டுகிறாரே என்று. வலிக்கிறது என்று முட்டியைப் பிடித்தாரே தவிர, பெயின்ட்டைப் பார்த்து ஒரு தடவைகூட நெஞ்சைப் பிடிக்கவில்லை. முதல் இடத்து ஆசை அவ்வளவு பெரியது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழும் முடிந்த பிறகு அவள் எழுந்து போய், எஞ்சினுக்குப் பின்னால், காரில் யார் கண்ணுக்கும் படாத தகரத் தடுப்பில் கட்டைவிரல் நகம் அளவு பெயின்ட்டைக் கீறி எடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய செம்புப் பட்டையை எடுத்து ஒரு முனையை அங்கேயும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து முடுக்கினாள். சாவியைத் திருப்பச் சொன்னாள்.

எல்லாம் எரிந்தன. ஹாரன் அலறியது. எலிசியோ பட்டனை அழுத்தினார், கார் முன்காலைத் தூக்கி ஜம்மென்று நின்றது, மறு பட்டனுக்கு அலுங்காமல் இறங்கியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு நொடி லியாண்ட்ரோவின் சாயல் இருந்தது. ஓர்லிந்தா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், இல்லாவிட்டால் அடுத்து சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

“பானட்டுக்குள்ள இப்ப நான் கீறினேனே, அந்த ஒரு இடம் போதும்” என்றாள். “நீங்க சுரண்டின ஏழுக்கும் வேலையே இல்லை. அது என் புருஷனுக்கு.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக இந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் அவள் காத்திருந்தாள்.

எலிசியோ காரை விட்டு இறங்கினார். ஏழு இடத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சட்டையில் இருந்த தூளைத் தட்டிவிட்டார்.

“உனக்கு நெஞ்சு ஆறிச்சில்ல, அது போதும்” என்றார் சாவகாசமாக. “சாயங்காலம் பொண்ணு வந்து திரும்ப அடிச்சிடும்.”

“எந்தப் பொண்ணு?”

“உன் பொண்ணுதான். முழுசும் அவ அடிச்சதுதானே. நாலு மாசம். எனக்கு இந்த வயசுல மூச்சு முட்டும், பெயின்ட் ரூமுக்குள்ள யார் போவா?”

எலிசியோ லாரிக்காரனுக்கு ஃபோன் போட்டார். கார் இன்றைக்கு இங்கேயே நிற்கட்டும், பெயின்ட் வேலை முடியட்டும், நாளை பூசைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். திங்கட்கிழமை பத்து மணி, மறக்கவில்லை என்று தொப்பியை மாட்டினார்.

“நீ கிளம்பு” என்றாள் ஓர்லிந்தா.

இருபத்தைந்து வருஷத்தில் புருஷனின் அண்ணனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது காதில் விழுந்தது. ஆனால் கார் சரியாகிவிட்ட சந்தோஷத்தில் பெரிதுபடுத்தாமல் போய்விட்டார்.

நாலு மணிக்குத் தமியானா வந்தாள். கையில் ஒரு பாத்திரம், அதில் பனோச்சா. இந்தத் தவக்காலக் களியை அம்மாவும் மகளும் சேர்ந்துதான் வருஷா வருஷம் கிண்டுவார்கள். இந்த வருஷம் மகள் தனியாகக் கிண்டி, கொஞ்சம் அடிப்பிடிக்கவிட்டு, எடுத்து வந்திருந்தாள். ஷெட்டுக்குள் ஓர் அடி வைத்ததும் நின்றுவிட்டாள்.

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். காரைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு காயத்துக்கு எதிரேயும் நின்றாள். முன்விளக்குக்கு மேலே இருந்ததில் விரலை வைத்து, சிவப்பு முடிந்து பொன் நிறம் ஆரம்பிக்கிற விளிம்பைத் தடவினாள்.

“யாரு?”

“அவரோட கை. சொன்னது நான்” என்றாள் ஓர்லிந்தா. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. “அவர் அடிச்சதுன்னு நினைச்சேன்.”

“நாலு தடவை ஃபோன் பண்ணேன் உனக்கு. ஒரு தடவை எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்.”

“நீ எதுக்கு அங்க போய்ச் சேர்ந்த?”

“அப்பா கார் அங்கதானே இருக்கு. வேற எப்படித் தொடறது?”

ஓர்லிந்தா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையில் பர்ரிட்டோ தின்றபடி வேடிக்கை பார்த்த அதே ஸ்டூல். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இரண்டரை மணி நேரம் அவள் ருசித்து ருசித்துப் பார்த்தது எலிசியோவின் அவமானம் இல்லை. தன் மகள் நாலு மாசம் முகமூடி போட்டு மூச்சைப் பிடித்து அடித்ததை உரித்துத் தூளாக்கி மண்ணில் கொட்டியதைத்தான். அந்த ஆள் அது தெரிந்தே ஒரு வார்த்தை சொல்லாமல் சுரண்டினான். அவனுக்கென்ன, அவன் சொத்தா போயிற்று?

மன்னித்துவிடு என்று சொன்னாள். தமியானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போய்விடவும் இல்லை. திரும்ப அடிக்க முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, பதினெட்டு கோட் ஓர் இரவில் வராது, ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியும் என்றாள். தங்கத்தாள் கொஞ்சம் கையில் இருக்கிறது, ஏழு இடத்திலும் அதை ஒட்டிவிடலாம், யாராவது கேட்டால் கேட்கட்டும் என்றாள். அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“திங்கட்கிழமைன்னு ஏதாவது சொன்னாரா?”

“பத்து மணிக்குக் கையெழுத்துன்னான்.”

“அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு அமரில்லோவிலேர்ந்து லாரி வருது. யாரோ கார் சேர்க்கறவர் விலைக்கு வாங்கிட்டாராம். அந்த லாரிக்காரன் ஃபோன் பண்ணி வழி கேட்டான், நான்தான் எடுத்தேன். நாளைக்கு ஒரு நாள் வரிசைல முதல் காரா ஓட்டிட்டு அனுப்பறதா பேச்சு.”

டெக்சாசுக்குப் போனால் போனதுதான். காகிதம் அவர் பேரில் இருக்கிறது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பத்து மணிக்கு ஓர்லிந்தா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது கார் மூன்று மணி நேரத் தூரத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சத்தியத்தைக் கேட்ட குழந்தை இயேசுவுக்கே வெட்கமாக இருக்கும்.

ஓர்லிந்தா எழுந்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. பானட்டைத் திறந்து, காலையில் முடுக்கிய செம்புப் பட்டையைக் கழற்றினாள். அதை நடுவில் இரண்டாக வெட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஃப்யூஸ் கூடும் ஒரு மஞ்சள் ஃப்யூஸும் எடுத்து வெட்டின இரண்டு முனைக்கும் நடுவில் சேர்த்தாள். சோக் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கம்பியும் இரும்பைத் தொடுகிற இடங்களில் துணி டேப்பைச் சுற்றி அந்தச் சந்துகளை அடைத்தாள். பிறகு அதே டேப்பால் ஃப்யூஸை மறைக்க ஆரம்பித்தாள்.

மகளுக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏழு வயதில் டெஸ்ட் லேம்ப் பிடித்த கை அது. வேறு எர்த் இல்லை. திரும்பி வருகிற கரண்ட் இந்த ஃப்யூஸ் வழியாகத்தான் வரவேண்டும். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மட்டும் என்றால் தாங்கும், கோவில் வரைக்கும் கார் சமர்த்தாகப் போகும். திருப்பத்தில் நின்று விளக்கெல்லாம் போட்டு, தூக்கி, ஹாரனையும் சேர்த்து அழுத்தினால் ஃப்யூஸ் போய்விடும். தூக்கின கால் இறங்காது. அப்படியே ஓட்டிப் போகவும் முடியாது. நெருப்பு கிடையாது, புகை கிடையாது, யாருக்கும் அடிபடாது. எள்ளத்தனை ஃப்யூஸ் ஒன்று அறுந்துபோகும், அவ்வளவுதான். பின்னால் நூறு கார், இரண்டு பக்கமும் ஊர். அதை இறக்கத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தி.

“காகிதம் அவர் டிராயர்ல இருக்கு” என்றாள் தமியானா. “டிராயர் சாவி என்கிட்ட.”

“எடுத்துட்டு வா. பேனாவும்.”

“கையெழுத்து போட மாட்டேன்னா?”

“அப்ப அங்கயே நிக்கட்டும். கட்டினவர் அவருதானே, ஊரே பார்க்க அவரே இறக்கிக்கட்டும்.”

தமியானா பானட்டுக்குள் குனிந்து, டேப் சுற்றாமல் விட்டிருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மாவுக்குப் பக்கத்தில், தோள் உரச நின்றாள்.

“எத்தனை ஆம்ப் போட்டிருக்க?”

“இருபது.”

தமியானா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். முன்விளக்கு, ஹாரன், தூக்குகிற பட்டன் எல்லாவற்றையும் விரல் விட்டுக் கூட்டினாள்.

“இருபது தாங்கினாலும் தாங்கிடும்மா” என்றாள். “பத்து போடு.”

ஓர்லிந்தா ஃப்யூஸ் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். தமியானா சிவப்பு ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மஞ்சளைப் பிடுங்கிவிட்டு, தன் கையாலேயே சொருகினாள். பிறகு இருவரும் ஷெட் வாசலில் உட்கார்ந்து அடிப்பிடித்த பனோச்சாவைச் சாப்பிட்டார்கள்.